டிசம்பர் கடைசி வாரத்தில் அம்மாவோடு அந்தமான் போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் இருந்து நீங்கள், கணவர், எட்டு வயது மகன், 66 வயது அம்மா என நான்கு பேர் வருகிறீர்கள். டிசம்பர் 24 காலை வந்து 30 மதியம் திரும்பும் திட்டம். ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் போர்ட் பிளேயர் நகரம், ஹேவ்லாக், நீல், பாராடாங் தீவுகள் என நான்கும் இருக்கின்றன. மழை வருமா, கொடுக்கிற காசு வீணாகுமா, பேசாமல் பொங்கல் விடுமுறைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, 2004 சுனாமிக்குப் பிறகு டிசம்பர் 26 அன்று அவர் கடற்கரைப் பக்கமே போவதில்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மழைக்கும் காசுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். அம்மாவை அந்த வாரத்தில் ஒரு தீவுக்குக் கூட்டிப் போவது சரியா என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் ராமநாதபுரத்துக்காரன். 2011-இல் போர்ட் பிளேயருக்கு வந்தவன். அன்றிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்குமிடமும் கப்பல் டிக்கெட்டும் ஏற்பாடு செய்வதுதான் பிழைப்பு. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: தேதியை மாற்ற முடியும் என்றால் பொங்கலுக்கோ, அதைவிட நல்லதாக ஜனவரி கடைசி வாரத்துக்கோ மாற்றுங்கள். முடியாது என்றால் டிசம்பரிலேயே வரலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு வர வேண்டும்.

மழையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இங்கே மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அது முடிந்த கையோடு வடகிழக்குக் காற்று வந்து டிசம்பர் வரை இழுக்கும். டிசம்பர் கடைசி வாரம் அந்த மழைக்காலத்தின் வால். பல வருடங்களில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியம் ஒரு தூறல் வந்து போகும், அவ்வளவுதான். ஆனால் கடலூரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கரையேறும் காற்றழுத்தத் தாழ்வுகளில் பல, முதலில் எங்கள் பக்கத்துக் கடலில்தான் உருவாகின்றன. அப்படி ஒன்று உருவானால் மழையைவிடப் பெரிய தொல்லை கடல். காற்று அதிகமானால் துறைமுகத்தார் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள், யாராலும் எதுவும் செய்ய முடியாது. டிசம்பர் 27-இல் கப்பல் ஓடுமா என்று இரண்டு மாதம் முன்பே யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். நான்கைந்து நாள் முன்னால் வரும் வானிலை அறிக்கைதான் கணக்கு.

2016 டிசம்பர் முதல் பாதியில் அப்படித்தான் நடந்தது. ஒரு தாழ்வு எங்கள் தலைமேல் நின்றுகொண்டது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடைசியில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் அழைத்து வந்தன. நான் அனுப்பிய மூன்று குடும்பங்கள் அங்கே இருந்தன. அதில் ஒருவர் அன்று மதிய விமானத்துக்கே டிக்கெட் வைத்திருந்தார், காலையில் ஹேவ்லாக்கில் இருந்து கப்பல் ஏறி நேராக விமான நிலையம் போகலாம் என்ற திட்டத்தில். அந்த டிக்கெட்டை அவருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். இப்போது யார் வந்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை: ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு போர்ட் பிளேயரில் இருந்தே ஆக வேண்டும். டிசம்பர் என்றால் இரண்டு இரவு. உங்கள் ஏஜென்ட் 29 மாலை நீலில் இருந்து திரும்புவதாகப் போட்டிருக்கிறார். ஒரு கப்பல் நின்றால் உங்கள் விமானம் போய்விடும், அந்த வாரத்தில் மறு டிக்கெட் கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் விலை கேட்க முடியாது.

அடுத்து பாராடாங். இதை யோசிக்காமல் அடித்துவிடுங்கள். போர்ட் பிளேயரில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர். அதிகாலை மூன்று, மூன்றரைக்கு எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் காத்திருந்து, காவல் பாதுகாப்போடு கூட்டமாக ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கடக்க வேண்டும். அப்புறம் வண்டியோடு ஒரு படகு, அதிலிருந்து இறங்கி அலையாத்திக் கால்வாய்க்குள் இன்னொரு சின்னப் படகு, அதன்பின் சுண்ணாம்புக் குகைக்கு மேடுபள்ளமான வழியில் நடை. போன வழியே திரும்ப வேண்டும். கால்வாய்ப் பயணம் அழகு, மறுக்கவில்லை. முட்டி வலி உள்ளவருக்கு அது ஒரு நாள் தண்டனை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாலை ஜாரவா மக்களின் வீட்டுக்குள்ளே போகிறது. வழியில் அவர்கள் கண்ணில் படுவார்களா என்று பார்ப்பதற்காகவே சிலர் வருகிறார்கள். நிறுத்துவதும், உணவு கொடுப்பதும், படம் எடுப்பதும் சிறைத் தண்டனை வரை போகும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு மக்கள்கூட்டத்தைக் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்க என் மகனைக் கூட்டிப் போக மாட்டேன். உங்கள் மகனுக்கும் அதையே சொல்வேன்.

நீலையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அழகான, அமைதியான தீவு. இந்தப் பகுதிக்கே காய்கறி தரும் ஊர். பரத்பூர் கடற்கரை ஆழமில்லாமல் குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் எல்லோரும் படம் எடுக்கும் அந்த இயற்கைப் பாறைப் பாலத்துக்கு, கடல் வற்றிய நேரத்தில் வழுக்கும் பாறைகள் மேல் நடந்துதான் போக முடியும். தவிர, ஒவ்வொரு தீவைக் கூட்டும்போதும் ஒரு கப்பல், ஒரு ஜெட்டி வரிசை, ஒரு பெட்டி கட்டல், ஓர் அரை நாள் போகும். ஆறு நாளில் மூன்று தீவு என்றால் அம்மா பார்க்கப்போவது கடலை விட ஜெட்டிகளைத்தான்.

இங்கே நாள் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் இருப்பது சென்னைக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 1,350 கிலோமீட்டரில், கடிகாரம் மட்டும் ஒன்றே. டிசம்பர் கடைசியில் காலை ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். மாலை ஐந்து மணி சுமாருக்கு மறைந்துவிடும். ஐந்தரைக்கு நல்ல இருட்டு. மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, நான்கரைக்கு ஹேவ்லாக்கில் உள்ள ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினால் பார்க்க ஒன்றும் இருக்காது. மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளை இப்படித்தான் இழக்கிறார்கள். அம்மா ஊரில் விடியலுக்கு முன் எழுபவர் என்றால் இந்தத் தீவு அவருக்குத் தோதான இடம். ஹேவ்லாக்கின் காலாபத்தர் கடற்கரை கிழக்கு பார்த்தது, சாலையை ஒட்டியே இருக்கிறது, படி கிடையாது. காலை ஆறு மணிக்கு அங்கே ஒரு தேநீரோடு உட்கார்ந்தால் போதும்.

ஹேவ்லாக்கில் மூன்று இரவு வையுங்கள். இப்போது அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேயர் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். தனியார் விரைவுக் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போகும், அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் வரை எடுக்கும். விரைவுக் கப்பல் குளிரூட்டிய மூடிய கூடம், அலை இருந்தால் பலருக்கு வாந்தி வரும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் மாத்திரை போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் அம்மா ரத்த அழுத்தத்துக்கோ வேறெதற்கோ மருந்து எடுப்பவர் என்றால் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்பதை ஊரிலேயே அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது நான் சொல்லும் விஷயம் இல்லை. ஹேவ்லாக்கில் இருப்பது அடிப்படை வசதி உள்ள அரசு சுகாதார நிலையம்தான். கொஞ்சம் பெரிதாக ஏதாவது என்றால் போர்ட் பிளேயரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர வேண்டும். வழக்கமான மருந்துகளை இரண்டு மடங்காக எடுத்து வாருங்கள்.

மகன் ஸ்கூபா கேட்பான். ஆழக்கடலில் இறங்க 10 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் வைத்திருக்கும் வரம்பு. எட்டு வயதுக்குச் சரி என்று யாராவது சொன்னால், அவரிடம் உங்கள் கணவரையும் இறக்காதீர்கள். குழந்தைக்கு மூச்சுக்குழாய் மாட்டி நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்க்கெலிங் போதும், கடல் தெளிந்திருந்தால் இடுப்பளவு நீரிலேயே மீன்கள் தெரியும். கணவர் ஸ்கூபா போனால் அதற்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. அதையும் மனதில் வைத்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகையோ வலையோ பார்த்தால் விளையாட்டாக எண்ண வேண்டாம். உப்புநீர் முதலைகள் இங்கே உண்மையிலேயே உண்டு. 2010-இல் ராதாநகரை ஒட்டிய குடாவில் ஓர் அமெரிக்கப் பெண் இறந்தார். காவலர் இருக்கும் எல்லைக்குள் மட்டும் குளியுங்கள். இன்னொன்று, மகன் கரையில் சங்கும் பவளத்துண்டும் பொறுக்குவான். பையில் போட விடாதீர்கள். விமான நிலையச் சோதனையில் பிடித்துவிடுவார்கள், குழந்தை அழுகிற காட்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டிசம்பர் 22 முதல் ஜனவரி 3 வரை எல்லாமே உச்ச விலை. அதில் ஒளிந்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்: பல ரிசார்ட்டுகளில் 24, 31 இரவுகளில் விருந்துக் கட்டணம் என்று தலைக்கு ஒரு தொகை கட்டாயமாக வாங்குவார்கள். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். பேக்கேஜ் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் வானிலையால் நின்றால் அறைப் பணம் திரும்ப வருமா, கூடுதல் இரவுக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அரசுக் கப்பலில் மலிவு விலை டிக்கெட்டை எப்படியாவது பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தீவுக்காரர்கள் பண்டிகைக்கு வீடு போகிற வாரம் அது. வடக்கே மாயாபந்தரிலும் திக்லிபூரிலும் ஊர் உள்ளவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் இருப்பது அந்தக் கப்பல்கள்தான். உங்களுக்குத் தனியார் கப்பல் இருக்கிறது. ரொக்கமும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் சென்னையில் இருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் எவ்வளவோ தேவலை, ஆனாலும் வெளித்தீவுகளில் மழை நாளில் யூபிஐயை நம்பி ஆட்டோவில் ஏறாதீர்கள்.

பண்டிகைக் களை இருக்குமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இருக்காது. ஹேவ்லாக் பெரும்பாலும் கிழக்கு வங்கத்தில் இருந்து வந்து குடியேறிய இந்துக் குடும்பங்களின் தீவு. அங்கே கிறிஸ்துமஸ் என்பது ரிசார்ட் அலங்காரம் மட்டும். உண்மையான கிறிஸ்துமஸ் போர்ட் பிளேயரில் இருக்கிறது. சோட்டாநாக்பூரில் இருந்து காடு வெட்ட வந்து தங்கிவிட்ட ராஞ்சி மக்கள், 1925-இல் பர்மாவில் இருந்து வந்த கரேன் மக்கள், நிக்கோபாரிகள், நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து கொண்டாடுகிற பண்டிகை இது. 24 இரவு தேவாலயங்களுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டாலே போதும், எத்தனை மொழியில் ஒரே மெட்டு என்று மகன் எண்ணிக்கொண்டிருக்கலாம். கரேன்களின் ஊர் வடக்கே மாயாபந்தர் பக்கம், உங்கள் ஆறு நாளில் எட்டாது. நிக்கோபாரில் பெரும்பகுதிக்குச் சிறப்பு அனுமதி இல்லாமல் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. அதுபற்றி ஆசை காட்டுபவர்களிடம் இருந்து விலகி இருங்கள்.

சரி, 26-ஆம் தேதிக்கு வருகிறேன். நான் முதல் ஆறு வருடம் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, சிறுமியாக இலங்கை மலையகத்தில் இருந்து, இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர். அப்படி வந்த குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவருடைய அக்காவும் அக்கா பிள்ளைகளும் 2004-இல் அங்கே இருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவன் மட்டும்தான் மிஞ்சினான். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் அவர் காலை ஆறரைக்கு, அந்தப் பூகம்பம் வந்த நேரத்துக்கு, வாசலில் விளக்கு வைப்பார். அன்று மீன் வாங்க மாட்டார். ஊர் முழுக்க இப்படி வீடுகள் உண்டு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் அம்மா அந்த நாளை ஒதுக்கி வைத்திருப்பது இங்கே யாருக்கும் விசித்திரமாக இருக்காது. கடலூர்க்காரருக்கு எங்கள் ஊர் ஒரு வகையில் உறவு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை உறுதியாகத் தெரிந்தது இது. 2004-இல் பேரழிவு நிக்கோபாரிலும் சின்ன அந்தமானிலும். ஹேவ்லாக், நீல் பக்கம் சேதம் மிகவும் குறைவு. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. பெரிய நடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் அறிவிப்பு வெளியாகிவிடும். ஆனால் இந்தத் தீவுகள் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி, லேசான நடுக்கம் எங்களுக்குப் புதிதல்ல. அடுத்த பெரியது எப்போது என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அதனால் எல்லா நாளுக்கும் பொருந்தும் பாடம் ஒன்றே: நிற்க முடியாத அளவு ஆடினாலோ, ஆட்டம் நீண்டுகொண்டே போனாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டுக்குப் போக வேண்டும். தங்குமிடத்தில் இறங்கியதும் மேட்டுக்குப் போகும் சாலை எது என்று கேட்டு, அம்மாவுக்கும் காட்டிவிடுங்கள். பயப்படுகிறவரிடம் பயப்படாதே என்று சொல்வதைவிட வழியைக் காட்டுவது நிம்மதி தரும். வண்டூர் போகிற வழியில் சிப்பிகாட் என்ற இடத்தில் முன்பு வயலாக இருந்து, அன்று நிலம் தாழ்ந்ததால் இன்றும் நீர் நிற்கும் பரப்பைப் பார்ப்பீர்கள். அது என்ன என்று டிரைவர் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பிப்பார். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பொங்கலுக்கு மாற்றினால் என்ன கிடைக்கும்? கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், நீர் தெளிந்திருக்கும், விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், 26 தாண்டியிருக்கும். ஜனவரி என்றாலே உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன். 2019 ஜனவரி முதல் வாரத்தில் தாய்லாந்து வளைகுடாவில் இருந்து பாபுக் புயல் எங்கள் கடலுக்குள் வந்தது. ஆனால் மாத நடுவுக்குப் பிறகு அப்படி நடப்பது அபூர்வம். போர்ட் பிளேயரில் பொங்கலும் நன்றாக இருக்கும். தமிழ்க் குடும்பங்கள் நிறைய, வெற்றிமலை முருகன் கோவிலில் அன்று நம் ஊர் போலவே இருக்கும். ஒரே இடைஞ்சல், பள்ளி விடுமுறை குறைவு. நான்கு நாளில் வந்து போவது என்றால் வேண்டாம், ஐந்து இரவாவது வேண்டும்.

டிசம்பரே என்று முடிவானால் இப்படிச் செய்யுங்கள். 24 வந்து இறங்கி, மதியமே செல்லுலார் சிறையைப் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமையும் அரசு விடுமுறையிலும் மூடியிருக்கலாம், அதனால் 25-ஐ நம்ப வேண்டாம். 1906-இல் கட்டி முடித்த ஏழு கட்டடங்களில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. மாடிக்கு நீங்கள் மூவரும் ஏறுங்கள், அம்மா முற்றத்து அரச மரத்தடியில் உட்காரட்டும். 25 காலைக் கப்பலில் ஹேவ்லாக். 26 அன்று படகு, கடல் குளியல் எதுவும் வேண்டாம். அறையைக் கரையில் இல்லாமல் உள்ளே தோப்புப் பக்கம் எடுங்கள். கணவரும் மகனும் வேண்டுமானால் ராதாநகர் போய் வரட்டும், நீங்கள் அம்மாவோடு இருங்கள். 27 முழு நாள் கடல். 28 காலை திரும்பிவிடுங்கள். அன்று கப்பல் நின்றாலும் 29 கையில் இருக்கிறது. நிற்காவிட்டால் 29-இல் போர்ட் பிளேயருக்கு எதிரே உள்ள ராஸ் தீவு, அங்கே பேட்டரி வண்டி கிடைக்கும், அம்மா நடக்க வேண்டாம். 30 காலை நேரம் இருந்தால் கடற்கரைச் சாலையில் கொடிக் கம்பம் வரை போய் வாருங்கள். 1943-இல் அதே டிசம்பர் 30 அன்றுதான் நேதாஜி இந்த ஊரில் கொடி ஏற்றினார்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால் அம்மாவிடம் நேராகக் கேளுங்கள். சர்ப்ரைஸ் வேண்டாம். 26 அன்று ஒரு தீவில் இருப்போம், உனக்குச் சம்மதமா என்று தேதியைச் சொல்லியே கேளுங்கள். உங்களுக்காகச் சரி என்பார், அதை உடனே எடுத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் சரி என்றால் வாருங்கள். கொஞ்சம் தயங்கினாலும் டிக்கெட்டை ஜனவரிக்குப் போடுங்கள்.